வெல்லிங்டன் சிலை தலையில் டிராஃபிக் கோன்: அப்பாவுக்கு என்ன பதில் சொல்ல?

மழையில் நனைந்தவன்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை படிக்க கிளாஸ்கோ வந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் ஊர் நடுவில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். நவீனக் கலைக்கூடத்தின் வாசலில் ஒரு பெரிய குதிரைச் சிலை. பச்சை பூத்த வெண்கலம், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆள், பீடத்தில் வெல்லிங்டன் என்று பெயர். எல்லாம் சரி, தலையில் மட்டும் ஆரஞ்சு நிற டிராஃபிக் கோன். சாலையில் பள்ளம் தோண்டினால் சுற்றி வைப்பார்களே, வெள்ளைப் பட்டை போட்டது, அதேதான். லேசாகச் சாய்ந்து ஒரு புருவத்தை மறைத்துக்கொண்டிருந்தது. கோனின் நுனியில் ஒரு புறா உட்கார முயன்று வழுக்கி, மறுபடி முயன்று, கடைசியில் குதிரையின் தலைக்கே போய்விட்டது.

சிரித்துவிட்டேன். போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அங்கேதான் வினை ஆரம்பம்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி எடுத்தது குன்னூர் பக்கத்து வெல்லிங்டனில். அந்த ஊருக்குப் பெயர் வந்ததே இந்த ஆளால்தான். நான் சிரிப்புப் பொம்மையோடு அனுப்பிய படத்துக்கு அவரிடமிருந்து இரண்டு நிமிட ஆடியோ வந்தது. "எவன்டா இதைச் செஞ்சது? அந்த ஊர்ல போலீஸ் இல்லையா? ஒரு படைத்தலைவனுக்கு இதுதான் மரியாதையா? நீ வேற அதைப் பார்த்துச் சிரிக்கிற" என்று ஆரம்பித்து, நான் ஆறாம் வகுப்பில் செய்த ஒரு தப்பு வரைக்கும் போய்விட்டார்.

இங்கே கூடப் படிக்கிற பையனிடம் கேட்டால் "அது எங்க ஊர்க் கலை" என்கிறான். குடித்துவிட்டு எவனோ வைத்ததைக் கலை என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் கலைக்கூடத்துக்காரர்களே எடுக்காமல் விட்டிருக்கிறார்களே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேறு ஊர்களிலும் இப்படிச் சிலைகளை வைத்து விளையாடுவது உண்டா? அப்பாவிடம் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும்.

கிளைட் கரையோரம்

தம்பி, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். நான் இந்த ஊரில் ராத்திரி டாக்ஸி ஓட்டுகிறேன், அந்தச் சிலையைத் தாண்டாமல் ஒரு நாள் ராத்திரி போனதில்லை.

சிலையைச் செய்தவர் கார்லோ மரொகெட்டி என்கிற இத்தாலியர். 1844ல் வைத்தார்கள். பின்னாலுள்ள கட்டடம் முதலில் ஒரு புகையிலை வியாபாரியின் மாளிகை, 1778ல் கட்டியது, அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்த பணம். அப்புறம் வணிகர்கள் கூடும் இடமாக இருந்து 1996ல் கலைக்கூடம் ஆனது. கோன் எப்போது ஏறியது என்றால், 1980களின் முற்பாதி என்கிறார்கள். முதலில் வைத்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கே ஒரு சிலை வைத்து அதன் தலையிலும் கோன் வைத்திருப்பார்கள், இந்த ஊர்க்காரர்களை நம்ப முடியாது.

கவுன்சில்காரர்கள் வருவார்கள், ஏணி போட்டு இறக்குவார்கள். ஒன்றிரண்டு நாளில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். இது வருஷக்கணக்காக நடக்கிறது. 2013ல் அவர்களே ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஒரு தடவை இறக்க 100 பவுண்டு, வருஷத்துக்கு 10,000 பவுண்டு. வகுத்துப் பார், நாலு நாளைக்கு ஒரு தடவை! சிலைமேல் ஏறினால் சிலை சேதமாகிறது, ஏறுகிறவன் விழுந்தால் மண்டை உடையும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். அதனால் 65,000 பவுண்டில் சிலையைச் சீர்செய்வதோடு பீடத்தையும் இரண்டு மடங்காக, ஆறடிக்கு மேல் உயர்த்திவிடலாம், எவனும் ஏற முடியாது என்று திட்டம் போட்டார்கள்.

அவ்வளவுதான், ஊரே எழுந்துவிட்டது. கோனைக் காப்பாற்று என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம், ஒரே நாளில் எழுபதாயிரத்துக்கும் மேல் லைக். ஆன்லைன் மனுவில் பத்தாயிரம் கையெழுத்து. கவுன்சில் பின்வாங்கியது. பீடம் அதே உயரம், கோன் அதே இடம். எனக்கு இதில் பிடித்ததே அந்த யோசனைதான்: சிலையின் மரியாதையைக் காப்பாற்றப் பீடத்தை உயர்த்துவது. உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் ஆறடி ஏறி வைத்திருப்பார்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்திருப்பார்கள்.

நீ கேட்டாயே, குடித்துவிட்டு வைத்ததா என்று. ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், சவாரிக்காகப் பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்தேன். மூன்று பேர். ஒருவன் கோனைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே, ஒருவன் பீடத்தில் கைகூப்பிப் படிபோல நிற்கிறான், மூன்றாமவள், பெண், ஹீல்ஸைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு அவன் கையில் கால் வைத்து ஏறி, குதிரையின் பின்பக்கத்தைப் பிடித்து ஊர்ந்து போய் வெல்லிங்டனின் தோளைக் கட்டிக்கொண்டாள். கோனை மேலே வாங்கித் தலையில் வைத்துவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று கீழே உள்ளவர்களிடம் கேட்டுச் சரி செய்தாள் பாரு, மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிற மாமா மாதிரி. இறங்கி செருப்பை மாட்டிக்கொண்டு என் வண்டியில்தான் ஏறினார்கள். அவர்கள்தான் என் சவாரியே. வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

2012 ஒலிம்பிக் சமயத்தில் தங்க நிறக் கோன். 2020 ஜனவரி 31, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாளில் நீலத்தில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட கோன். 2023ல் முகம் காட்டாத தெருவோவியர் பேங்க்சி தன் கண்காட்சியை இந்தக் கலைக்கூடத்தில் வைத்தபோது, பிரிட்டனிலேயே தனக்கு மிகப் பிடித்த கலைப்படைப்பு வாசலில் நிற்கும் இந்தச் சிலைதான், அதனால்தான் இங்கே வந்தேன் என்றார். ஆக, உன் நண்பன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

டீக்கடை பெஞ்ச்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இவருடைய அப்பா பக்கம். நம் ஊரில் ஒரு தலைவர் சிலையில் இப்படிக் கை வைத்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் பஸ் ஓடாது. சிலையையே கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம். வெள்ளைக்காரன் செய்தால் நகைச்சுவை, கலை, பேங்க்சி. நாம் செய்தால் அவமதிப்பு, வழக்கு. ஏன் இந்த இரட்டை அளவுகோல்? ஒரு மனிதனுக்கு மரியாதை செய்யத்தானே சிலை? பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதானே, நிறுத்தி வைத்துக்கொண்டே கேலி செய்வது என்ன பழக்கம்?

வார்ப்புப் பட்டறை

பெஞ்ச் அண்ணா, கோபம் புரிகிறது, ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நம் ஊரில் அம்பேத்கர் சிலைக்குக் கூண்டு போட்டிருப்பது ஏன்? அதை உடைக்க நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தச் சண்டை முடியவில்லை. அந்தச் சிலையை அவமதிப்பது உயிரோடு இருக்கும் ஒரு கூட்டத்தை அடிப்பதற்குச் சமம். வெல்லிங்டன் டியூக், படைத்தலைவர், பிரிட்டன் பிரதமராகவும் இருந்தவர். அவர் தலையில் கோன் வைத்தால் யாருக்கு வலிக்கிறது? (இவருடைய அப்பாவுக்கு வலிக்கிறது, அது வேறு கதை, அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.)

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது வீட்டுத் தொழிலால். எங்களுடையது சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்க்கிற குடும்பம். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றுவது. சிலை என்றாலே அளவு, இலக்கணம், தாளப் பிரமாணம் என்று கேட்டு வளர்ந்தவள். அதனால் வேலை விஷயமாகச் செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போனபோது அந்தத் தலைகீழ்க் குதிரையைப் பார்த்து அரை மணி நேரம் நகராமல் நின்றேன்.

ப்ராக் நகர நடுவில் வென்செஸ்லாஸ் சதுக்கம் இருக்கிறது. அதன் மேல்முனையில், அந்நாட்டின் காவல் புனிதரான வென்செஸ்லாஸ் குதிரைமேல் கொடி பிடித்து நிற்கும் சிலை. செக் மொழியில் அவர் பெயர் வாட்ஸ்லாவ். செய்தவர் மிஸ்ல்பெக், பல பத்தாண்டு வேலை, 1912ல் அங்கே வைத்தார்கள். அந்த நாட்டில் எது நடந்தாலும் மக்கள் கூடுவது அதன் காலடியில்தான், 1918ல் நாடு பிறந்தபோது, 1968ல் சோவியத் படை நுழைந்தபோது, 1989ல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தபோது. அதே சதுக்கத்தை ஒட்டிய லூசெர்னா என்கிற பழைய கட்டடத்தின் உள்வழியில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, 1999ல் டேவிட் செர்னி செய்த இன்னொரு குதிரை தொங்குகிறது. நான்கு காலையும் கட்டித் தலைகீழாக. தலை தொய்ந்து, நாக்கு வெளியே தள்ளி, செத்துப்போன குதிரை. அதன் வயிற்றின்மேல் அதே புனிதர், அதே கவசம், அதே நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருக்கிறார், எதுவுமே நடக்காத மாதிரி.

சிரிப்பு வருவது குதிரையால் இல்லை, அவர் முதுகால். அதைச் செய்தவனுக்கு மிஸ்ல்பெக்கின் சிலை மனப்பாடம். கவசத்தின் மடிப்பு வரை தெரியாமல் இதைச் செய்ய முடியாது. அரைகுறையாகச் செய்திருந்தால் வெறும் கிண்டல், பக்கத்துச் சதுக்கத்துச் சிலையை ஞாபகப்படுத்தியே இருக்காது. எங்கள் பெரியப்பா சொல்வார், கோணலாகப் போகும் கோடு எவ்வளவு கோணல் என்று நேராகப் போடத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும் என்று. 1997 வரை பிரதமராக இருந்து, இந்தச் சிலை வந்தபோது நாடாளுமன்றக் கீழவைத் தலைவராக இருந்த கிளவுஸின் பெயரும் வாட்ஸ்லாவ் என்று ப்ராக் வழிகாட்டிகள் கண்ணடித்துச் சொல்கிறார்கள், செர்னி வாயைத் திறப்பதில்லை. அவரைக் குறிக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

செர்னியின் முதல் பெரிய விளையாட்டு 1991ல். இரண்டாம் உலகப் போர் முடிவில் ப்ராக்குக்கு வந்த சோவியத் படையின் நினைவாக ஒரு டாங்கை மேடைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். 1968ல் அதே சோவியத் நாட்டின் டாங்குகள் ஊரை ஆக்கிரமிக்க வந்த பிறகு அந்த நினைவுச்சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செர்னி ராத்திரியோடு ராத்திரியாக அதற்கு ரோஜா நிறம் அடித்துவிட்டார், உச்சியில் ஒரு விரலும் வைத்து. கைது செய்தார்கள். ராணுவம் மறுபடி பச்சை அடித்தது. உடனே நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், தங்களைக் கைது செய்ய முடியாது என்ற சலுகையைப் பயன்படுத்திக்கொண்டு, பெயின்ட் டப்பாவோடு போய்த் திரும்ப ரோஜா நிறம் அடித்தார்கள்! டாங்கு இப்போது ஊருக்கு வெளியே ஒரு ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ரோஜா நிறத்திலேயே.

பெஞ்ச் அண்ணா, பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதானே என்றீர்களே. எடுத்துவிட்டால் வெறும் இடம்தான் இருக்கும். ரோஜா நிறம் அடித்தால் 1945, 1968 இரண்டுமே ஞாபகம் இருக்கும்.

நாலாவது பீடம்

இந்தத் திரியில் லண்டன் இன்னும் வரவில்லையே என்று நுழைகிறேன், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்கு மூலையில் நான்கு பீடம். இரண்டில் தளபதிகள், இருவரும் இந்தியாவில் சண்டை போட்டவர்கள். ஒன்றில் நான்காம் ஜார்ஜ் மன்னன், குதிரைமேல். நாலாவது, வடமேற்கு மூலையில், நான்காம் வில்லியமுக்கு என்று 1841ல் கட்டியது. பணம் தீர்ந்துபோனது, சிலை வரவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் வெறும் பீடம். 1999லிருந்துதான் அதில் ஒவ்வொரு கலைஞராகத் தற்காலிகமாக ஏதாவது வைக்கிறார்கள். பெரும்பாலும் மற்ற மூன்று பேரையும் பார்த்துக் கண்ணடிக்கிற வேலைகள்.

2001ல் ரேச்சல் வைட்ரீட் பீடத்தின் மேல் அதே பீடத்தைக் கண்ணாடி போன்ற ரெசினில் வார்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். பீடத்துக்கே சிலை! 2009ல் ஆன்டனி கோர்ம்லி, ஒரு மணிக்கு ஒருவர் என்று 100 நாள் இடைவிடாமல் 2,400 சாதாரண ஆட்களை ஏற்றி நிறுத்தினார். 2012ல் ஆடுகுதிரையில் ஒரு பையன், கை தூக்கி, தங்க நிறத்தில்; எந்தப் போரும் ஜெயிக்காத குதிரைவீரன். 2013ல் கருநீலச் சேவல், ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேவல் பிரான்சின் சின்னம், சதுக்கமோ பிரெஞ்சுக் கடற்படையைத் தோற்கடித்ததன் நினைவு. அந்தப் போரை ஜெயித்த தளபதி நெல்சன் தூண்மேலிருந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். 2016ல் டேவிட் ஷ்ரிக்லியின் ஏழு மீட்டர் கட்டைவிரல், ரொம்ப நன்றாயிருக்கிறது என்று தூக்கிக் காட்டுகிற கை, விரல் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு. நன்றாயிருக்கிறது என்கிறானா, நன்றாயிருப்பதாக நினைத்துக்கொள் என்கிறானா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

மேலே சொன்ன நான்காம் ஜார்ஜ் சிலையைப் பற்றி ஒன்று. அது மார்பிள் ஆர்ச் என்கிற வளைவின்மேல் வைக்கச் செய்தது. 1843ல் தற்காலிகமாக இந்தச் சதுக்கத்தில் வைத்தார்கள், இன்னும் அங்கேதான் தற்காலிகமாக இருக்கிறது. செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரி. பெயர் கேட்டமாதிரி இருக்கிறதா? சென்னையில் தீவுத்திடல் பக்கம் நிற்கும் தாமஸ் மன்றோ சிலை அவர் செய்ததுதான், 1839ல் வைத்தது. மன்றோவுக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை, கால் தொங்குகிறது. சாண்ட்ரி மறந்துவிட்டார், மானம் போய்த் தற்கொலை செய்துகொண்டார் என்று சின்ன வயதில் எனக்கு ஒரு ஆட்டோக்காரர் சொன்ன கதை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கதைதான். லண்டனில் ஜார்ஜுக்கும் அங்கவடி கிடையாது, அதே சாண்ட்ரி தொடங்கி அவர் இறந்த பிறகு உதவியாளர் முடித்த வெல்லிங்டன் சிலை, ராயல் எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருப்பது, அதற்கும் கிடையாது. மூன்று தடவையுமா மறப்பான் ஒருவன்? அது அவருடைய பாணி. வேடிக்கைக்கென்று எவரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் சிலையைச் சுற்றி ஊர் தானே வேடிக்கையைக் கட்டிக்கொள்ளும்.

தம்பி, உன் அப்பாவிடம் இதைச் சொல். வெல்லிங்டன் சிலையைப் பார்த்து ஊர் சிரிப்பது 1980களில் தொடங்கியதில்லை, அவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கியது. 1846ல் லண்டனில் அவர் வீட்டுக்கு எதிரில் இருந்த வளைவின்மேல் 40 டன்னில் அவருக்கு ஒரு பிரம்மாண்டச் சிலை ஏற்றினார்கள். வளைவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, விக்டோரியா மகாராணிக்கே பிடிக்கவில்லை. இறக்கலாம் என்றால், இறக்கினால் எனக்கு அவமானம் என்று டியூக் சொல்லிவிட்டார். அவர் இறந்து முப்பது வருஷத்துக்குப் பிறகுதான் வளைவையே நகர்த்துகிற சாக்கில் இறக்கி, ஆல்டர்ஷாட் என்கிற ராணுவ ஊருக்கு அனுப்பினார்கள். ஓட்டுரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்ததற்காக 1831ல் அவர் வீட்டு ஜன்னலையெல்லாம் ஜனங்கள் உடைத்திருக்கிறார்கள், இரும்புக் கதவு போட்டுக்கொண்டார். அந்த ஆளுக்குக் கோன் ஒரு பெரிய விஷயமே இல்லை.

குள்ளனூர்

போலந்தில் விராட்ஸ்வாஃப் நகரில் இருக்கிறேன். ஒரு சின்னத் தகவல் மட்டும். இங்கே தெருவெங்கும் முழங்கால் உயரம்கூட இல்லாத வெண்கலக் குள்ளர்கள், நூற்றுக்கணக்கில். பீடம் கிடையாது, தடுக்கி விழுந்தால்தான் தெரியும். ஒருவன் ஏடிஎம் பக்கத்தில், ஒருவன் ஜன்னல் ஓரத்தில் தூங்குகிறான், இரண்டு பேர் ஒரு கல்லுருண்டையை எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், நகரவே நகராது. சுற்றுலாக்காரர்கள் குழந்தைகளுக்கான அலங்காரம் என்று நினைக்கிறார்கள். 1980களில் கம்யூனிஸ்ட் அரசு சுவரெழுத்துகளை வெள்ளையடித்து அழித்தது. அந்த வெள்ளைத் திட்டுகளின்மேல் குள்ளன் படம் வரைந்தது ஆரஞ்சு மாற்று என்கிற இயக்கம். 1988 ஜூனில் ஆயிரக்கணக்கான பேர் சிவப்புக் குள்ளத் தொப்பியோடு ஊர்வலம் போனார்கள். போலீஸ்காரன் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவான், குள்ளனாக இருந்ததற்கா? 2001ல் அந்த இயக்கத்தினர் கூடிய இடத்தில் முதல் குள்ளனை வைத்தார்கள், மற்றவர்களைவிட அவன் பெரியவன். இப்போது கடைக்காரர்களே காசு கொடுத்துத் தங்கள் வாசலில் குள்ளன் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெரு பல் டாக்டர் வாசலில்கூட ஒன்று. கொஞ்சம் சலித்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

டீக்கடை பெஞ்ச்

நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெயின்ட் அடித்த கதைக்குச் சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குள்ளன் கதைதான் என் பயத்தைச் சொல்கிறது. கேலியும் கடைசியில் கடை வாசலுக்கு வந்துவிடுகிறது. கிளாஸ்கோவில் கோன் போட்ட வெல்லிங்டன் பொம்மை விற்கிறார்களா இல்லையா?

கிளைட் கரையோரம்

விற்கிறார்கள் விற்கிறார்கள். காந்தம், கோப்பை, டி-ஷர்ட் எல்லாம் உண்டு. என் மகளே ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. ஆனால் அண்ணே, ஒரு வித்தியாசம். குள்ளனைக் காசு கொடுத்து வைக்கலாம். இந்தக் கோனை யாராவது ராத்திரி ஏறித்தான் வைக்க வேண்டும். மழையில், சறுக்கிக்கொண்டு. அதை டெண்டர் விட முடியாது.

தம்பி, உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீ மேலே தலையைப் பார்த்தாய், கீழே பார்த்தாயா? பீடத்தின் பக்கவாட்டில் வெண்கலப் பலகையில் போர்க்காட்சி இருக்கிறது. ஒரு பக்கம் வாட்டர்லூ. இன்னொரு பக்கம் அஸ்ஸாயே, 1803 செப்டம்பர் 23, மராட்டியர்களுடன் நடந்த போர். உன் அப்பாவுக்கு அஸ்ஸாயே என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை.

வார்ப்புப் பட்டறை

அடடே. மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கிற யானை அஸ்ஸாயே யானைதானே! அந்தப் போரில் வெல்லிங்டன் தலைமையில் சண்டை போட்டவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்களின் இரண்டு படைப்பிரிவுகளும் மெட்ராஸ் சிப்பாய்களும் உண்டு. டியூக் தலைக்கு மேலே கோன் ஏறிய கதைக்கே இத்தனை பக்கம் எழுதிவிட்டோம், அவர் காலுக்குக் கீழே நம் ஆட்கள் இருந்ததை இப்போதுதான் பார்க்கிறோம். பலகையைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, வார்ப்பு எப்படி என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

மழையில் நனைந்தவன்

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்ததும் போனேன். மழைதான், வேறென்ன. பலகை இருட்டிக் கிடந்தது, செல்போன் டார்ச் அடித்து ஒரு கையால் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்தேன். பின்னால் ஒரு கிழவர் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் மேலேதான் படம் எடுப்பார்கள், நீ என்ன கீழே எடுக்கிறாய் என்று கேட்டார். அப்பா படையில் இருந்த கதையைச் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்கும், எனக்கு அவர் பேசுவதில் கால்வாசி.

படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் சொன்னதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். குறிப்பாக 40 டன் சிலைக் கதை. ரொம்ப நேரம் நீலக்குறி விழுந்து பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது. கோனைப் பற்றிப் பேச்சே இல்லை. அஸ்ஸாயேவில் ஆற்றைக் கடந்தது எப்படி, எத்தனை பீரங்கி, யார் எந்தப் பக்கம் என்று முக்கால் மணி நேரம் வகுப்பு. பயிற்சியில் படித்ததாம், இத்தனை வருஷமாக ஒருவரும் கேட்கவில்லையாம். அம்மா பின்னாலிருந்து "குழந்தை சாப்பிட்டானான்னு கேளுங்க" என்று நாலு தடவை சொன்னது கேட்டது.

போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டார், "அந்தத் தொப்பி இன்னைக்கும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். குதிரைக்கும் ஒன்று வைத்திருந்தார்கள்.

"குதிரைக்குமா? அதுக்கு எப்படிடா நிக்குது, காது இடிக்காதா?" என்றார். நாளைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.